பளிங்கில் காணாத படை: சுவார்ட்சு ஐயர் நினைவுச் சிற்பமும் குளோரிந்தா கதையும்

தஞ்சைச் சிவகங்கைச் சிறு கோட்டையினுள் 1779ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட கிறிஸ்து ஆலயத்தைக் காணச் செல்வோர், அங்குள்ள பளிங்குச் சிற்பத்தின் முன் சற்றே நில்லாமல் திரும்புவதில்லை. இரண்டாம் சரபோஜி மன்னர், தமக்குத் தந்தையும் ஆசானும் போல விளங்கிய சுவார்ட்சு ஐயரின் நினைவாக, இங்கிலாந்தின் பெருஞ்சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்தது அது. முதியவராகிய ஐயர் மரணப் படுக்கையில் கிடக்கின்றார். சரபோஜி குனிந்து அவர் கையைப் பற்றியிருக்கின்றார். தலைமாட்டில் உடன் ஊழியரான கெரிக்கே ஐயர் நிற்கின்றார். அரசரின் பரிவாரத்தார் இருவரும், பள்ளிச் சிறுவர் சிலரும் உடனிருக்கின்றனர். நம் சபைகளில் சுவார்ட்சு ஐயரைப் பற்றிக் கேட்ட திருப்பொழிவுகள் யாவும் ஏறத்தாழ இச்சிற்பத்தையே சொற்களால் மீண்டும் செதுக்கியவை எனலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் இறையியல் மாணவர் சிலரை அவ்வாலயத்திற்கு அழைத்துச் சென்றிருந்தோம். வழக்கமான விளக்கத்தை முடித்தபின் மாணவர் ஒருவர், "ஐயா, இது கோட்டைக்குள் இருக்கும் ஆலயம். கோட்டை என்றால் படை இருந்திருக்கும். அந்தப் படை இந்தக் கல்லில் எங்கே?" என்று வினவினார். அப்பொழுது நாம் அளித்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. அவ்வினாவைச் சற்று விரிவாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பளிங்குச் சிற்பம் ஒன்றையும், அ. மாதவையாவின் புதினம் ஒன்றையும், இவ்விரண்டுக்கும் அடிப்படையான வரலாற்றையும் ஒருங்கே வைத்து நோக்குவோம். அந்நியப் படை ஒன்று ஒரு நாட்டில் தங்கும்போது அந்நாட்டாருக்கும் படைக்கும் இடையே நிகழ்வது என்ன? அதன் நடுவே நிற்கும் திருச்சபையின் நிலை என்ன? இவை நம் முன் உள்ள வினாக்கள்.

1. கல் மறைத்த வரலாறு

காவிரிப் படுகை அந்நியப் படைகளை முதன்முதல் கண்டது சுவார்ட்சு ஐயரின் காலத்தில் அன்று. எனினும், ஐரோப்பியக் கும்பெனிகளின் படைகள் தஞ்சை அரசியலில் நேரே தலையிடத் தொடங்கியது அவர் தரங்கம்பாடியில் வந்திறங்கிய 1750ஆம் ஆண்டிற்குச் சற்று முன்னரேயாம். 1749இல் ஆங்கிலக் கும்பெனியார் கொள்ளிடத்தின் முகத்துவாரத்திலுள்ள தேவிக்கோட்டையைக் கைப்பற்றினர். 1758இல் லாலியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை நாகூரைச் சூறையாடியது. கீழ்வேளூர்க் கோயிலைக் கொள்ளையிட்டு, அர்ச்சகர் சிலரை ஒற்றர் என ஐயுற்றுப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டது. 1773இல் ஆர்க்காட்டு நவாபின் பொருட்டு ஆங்கிலப் படை தஞ்சைக் கோட்டையைப் பிடித்தது. துளஜா மன்னர் சிறைப்பட்டார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் படுகையின் விளைச்சல் நவாபுக்கும் அவருடைய கடன்காரருக்கும் சென்றது. 1776இல் பிகட் பிரபு மன்னரை மீண்டும் அரியணையேற்றினார். ஆனால் அதற்கு விலை இருந்தது. கும்பெனியின் படை தஞ்சையில் தங்கும். அதன் செலவிற்காக மன்னர் ஆண்டுதோறும் நான்கு இலட்சம் வராகன் செலுத்தவேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அத்தொகை அரண்மனைக் கருவூலத்திலிருந்து வந்ததாக ஏட்டில் இருக்கலாம். வயலிலிருந்தே வந்தது என்பதில் ஐயமில்லை. காவிரியும் வெண்ணாறும் பாயும் வயல்களில் இடுப்பொடிய நாற்று நட்டவரும் கதிர் அறுத்தவருமே அக்கோட்டைப் படைக்குச் சோறிட்டனர். விருந்தாளி தானாக வந்து, தன் உணவின் விலையையும் தானே குறித்து, வீட்டாரிடமே அதனை வசூலிக்கும் முறை இது. இதற்கு விருந்தோம்பல் என்று பெயரிட இயலாது.

சுவார்ட்சு ஐயர் இவ்வமைப்பிற்கு வெளியே நின்றவரும் அல்லர். திருச்சிராப்பள்ளியில் அவர் முதலில் சபை கூட்டியது கோட்டைப் படையினரிடையேயாம். அவர்களுக்குப் பிரசங்கிக்கவே ஆங்கிலத்தில் பயிற்சி பெற்றார். 1764இல் மதுரை முற்றுகையின்போது காயமுற்றோரிடையே ஊழியம் செய்தார். 1766இல் திருச்சிக் கோட்டையில் எழுந்த ஆலயத்திற்கு அதிகாரிகளும் படைவீரரும் பொருளுதவி செய்தனர். 1768இல் கும்பெனியார் அவரை ஆண்டுக்கு நூறு பவுன் ஊதியத்தில் படையின் குருவாக நியமித்தனர். அதில் பாதியை அவர் சபைப்பணிக்கே அளித்துவிட்டார் என்பது அவர் தம் தூய்மைக்குச் சான்று. ஆயினும் கொடுத்த கை கும்பெனியின் கை என்பதும் உண்மையே.

ஃபிளாக்ஸ்மனின் சிற்பத்தில் இவை ஒன்றும் இல்லை. மரணப் படுக்கை என்னும் பொருளைத் தெரிந்துகொண்டதனாலேயே சிற்பி அரசியலை வெளியேற்றிவிட்டார். மரணத்தின் முன் யாவரும் சமம் என்பது பொதுவுண்மை. அப்பொதுவுண்மை குறிப்பிட்ட உண்மையை மூடிவிடவும் கூடும். ஐயர் மறைந்தது 1798ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் நாள். அதன்பின் சில திங்களில் சரபோஜி அரியணை ஏறினார். 1799இல் கும்பெனியுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி அவர் கையைவிட்டு நீங்கிற்று. பளிங்கில் மன்னர் மிஷனெரியின் கையை அன்புடன் பற்றியிருக்கின்றார்; அடுத்த ஆண்டிலேயே அதே கை நாட்டை எழுதிக் கொடுத்தது. முதலாவது பொய் என்று நாம் கூறவில்லை. சரபோஜியின் நன்றி மெய்யானது. ஐயரின் கல்லறைக்குத் தாமே ஆங்கிலத்தில் பாட்டெழுதியவர் அவர். ஆனால் இரண்டாவதை மறந்து முதலாவதை மட்டும் சொல்வது அரை வரலாறாகும்.

2. எண்பதாயிரம் கலம் நெல்

சிற்பியின் உளியில் அகப்படாத ஒரு நிகழ்ச்சியே நம் ஆராய்ச்சிக்கு நடுவானது. அது சுவார்ட்சு ஐயரே தம் கடிதத்தில் குறித்துள்ள செய்தி.

1780இல் ஐதர் அலியின் படை கர்நாடகத்தில் இறங்கிற்று. அடுத்த ஆண்டில் காவிரிப் படுகை பாழாயிற்று. மக்கள் ஓடினர், கால்நடைகள் கொள்ளை போயின, வாய்க்கால்கள் பேணுவாரின்றித் தூர்ந்தன. தஞ்சைக் கோட்டை மட்டும் விழாமல் நின்றது. ஆனால் உள்ளே உணவில்லை. கோட்டைக்கு வெளியே நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. அதைக் கொண்டுவர மாடுகள் வேண்டும். மாடுகளை உடைய குடிகளோ வர மறுத்தனர். ஏன்? முன்பு அவர்களுடைய மாடுகள் கூலியின்றிப் பிடிக்கப்பட்டிருந்தன. நெல்லுக்கு விலை கிடைக்கவில்லை. மன்னர் வாக்களித்தார், ஒருவரும் நம்பவில்லை. கும்பெனி அதிகாரிகள் வாக்களித்தனர், அதையும் நம்பவில்லை. இறுதியில் ஐயரை வேண்டினர். அவர், விலையும் கூலியும் தாமே கொடுப்பதாக உறுதி சொல்லி ஊர்களுக்கு ஆள் அனுப்பினார். ஓரிரு நாட்களில் ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன. எண்பதாயிரம் கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. குடிகளுக்குரிய தொகை முற்றும் கொடுக்கப்பட்டது.

போர் ஓய்ந்தபின் இதனையொத்த மற்றொன்று நிகழ்ந்தது. அதிகாரிகளின் கொடுமையால் ஊரைவிட்டு ஓடியிருந்த குடிகள், மன்னர் அழைத்தும் திரும்பவில்லை. ஐயர் பிணை நின்றபோது ஏழாயிரம் பேர் வரையில் திரும்பி வந்தனர். ஆனித் திங்களில் தொடங்கவேண்டிய வேலை ஆவணி கழியும்வரை தொடங்கப்படாதிருந்தது. அவர்கள் இரவும் பகலும் உழைத்துப் பருவத்தை ஈடுசெய்தனர்.

இந்நிகழ்ச்சிகளை நம் போதகர்கள் ஐயரின் நற்பெயருக்குச் சான்றாக எடுத்துரைப்பர். அது தகும். ஆனால் இவற்றைக் குடியானவரின் பக்கத்திலிருந்து படித்தவர் எத்தனை பேர்? அப்பக்கத்திலிருந்து படித்தால் மூன்று உண்மைகள் புலனாகும்.

முதலாவது, அந்நியப் படைக்கும் நாட்டாருக்கும் இடையேயுள்ள உறவை முறித்தது மொழியோ மதமோ நிறமோ அன்று, கொடுக்கப்படாத கூலி. வெள்ளையர் என்பதற்காகக் குடிகள் மாட்டை மறைக்கவில்லை. வெள்ளையராகிய ஐயரின் சொல்லுக்கு அதே மாட்டை ஓட்டி வந்தனரே. யோர்தான் கரையில் தம்மிடம் வந்து கேட்ட போர்ச்சேவகருக்கு யோவான் ஸ்நானகன் கூறிய அறிவுரை ஈண்டு நினைக்கத்தக்கது. இடுக்கண் செய்து பிடுங்காதிருங்கள், ஊதியத்தோடு நிறைவடையுங்கள் என்னும் கருத்தையே அவர் வலியுறுத்தினார். அவர் அவர்களுக்கு மறைபொருள் எதையும் போதிக்கவில்லை. படைவீரன் ஊராரிடம் செய்யும் பாவம் எதுவென்று அவர் அறிந்திருந்தார்.

இரண்டாவது, குடிகள் அறியாமையால் அச்சங்கொண்ட கூட்டத்தார் அல்லர். யாரை நம்பலாம், யாரை நம்பலாகாது என்று பிரித்தறிந்து தீர்ப்பளித்தவர்கள் அவர்களே. மன்னர், கும்பெனி, மிஷனெரி என்னும் மூவரையும் அவர்கள் தம் தராசில் நிறுத்தினர். நம் நூல்களில் ஐயர் செயலாற்றுகின்றார். குடிகள் வெறுமனே வந்து சேர்கின்றனர். உண்மையில் அங்கே செயலாற்றியவர்கள் இரு சாராருமாவர்.

மூன்றாவது உண்மை கசப்பானது. அந்நெல் யாருக்குச் சென்றது? கோட்டைக்குள் பசித்திருந்த ஏழைகளுக்கும் சென்றது, படைக்கும் சென்றது. ஐயர் தம் சொல்லைப் பிணையாக வைத்தார். அப்பிணையின் பலத்தால் நிலைநின்றது கும்பெனியின் கோட்டை. அவருடைய நாணயம் நாணயமற்றோருக்குக் கடனாயிற்று. 1779இல் சென்னை அரசாங்கத்தார் அவரைச் சீரங்கப்பட்டணத்திற்கு ஐதர் அலியிடம் தூதனுப்பியதும் இவ்வகையினதே. நம்பத்தகாதவர்கள் நம்பத்தக்க ஒருவரைத் தேடி அவர் முகத்தை முன்னிறுத்தினர். அவர் சமாதானத்தை நாடியே சென்றார் என்பதில் ஐயமில்லை. மறு ஆண்டே போர் வந்தது.

பிணை என்பது நம் இறையியலுக்கு அந்நியமான சொல் அன்று. எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் கிறிஸ்துவையே பிணையாளி என்கின்றது. பிணை நிற்பவன் கடன்பட்டவனுடைய கடனைத் தன்மேல் ஏற்கின்றான். அதுவே அதன் மேன்மை. அதன் இடரும் அதுவே. கடன்பட்டவன் திருந்தாவிடில், பிணையாளியின் நற்பெயர் அவனுடைய அடுத்த கடனுக்கும் வழிதிறந்துவிடும். சுவார்ட்சு ஐயரைப் போற்றும்போது இவ்விடரையும் சேர்த்துச் சொல்வதே அவருக்குச் செய்யும் மெய்யான மரியாதை என்பது நம் கருத்து.

3. குளோரிந்தாவும் மாதவையாவும்

பளிங்கில் பெண்கள் எவருக்கும் முதன்மையில்லை. படையின் வரலாற்றிலோ பெண்களை விலக்க முடியாது. தாய்நாட்டில் மனைவியை விட்டு வந்தவரும் மணமாகாதவருமாகிய அதிகாரிகளும் வீரரும் இந்நாட்டுப் பெண்களோடு வாழ்ந்தனர். படை பெயர்ந்தபோதும் வீரர் மடிந்தபோதும் பெண்களும் பிள்ளைகளும் எஞ்சினர். திருச்சியிலும் தஞ்சையிலும் ஐயர் நடத்திய அநாதைப் பள்ளிகளுக்கு இதுவே பின்னணி. ஐதர் அலி வழிச்செலவிற்கென அளித்த பொருளும் தஞ்சை அநாதைப் பள்ளிக்கே பயன்பட்டது.

அப்பெண்களுள் பெயர் தெரிந்தவர் ஒருவர். தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த அந்தணக் குலத்துக் கைம்பெண். லிட்டில்டன் என்னும் ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்தவர். அவரிடம் கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படைகளைக் கற்றவர். பின்னர்க் குளோரிந்தா என்னும் பெயர் பெற்றவர். தஞ்சையில் அவர் திருமுழுக்கை வேண்டியபோது, அதிகாரியோடு மணமின்றி வாழ்கின்றார் என்னும் காரணத்தால் ஐயர் மறுத்தார். அதிகாரி மறைந்தபின், 1778இல் பாளையங்கோட்டையில் அவருக்குத் திருமுழுக்கு அளித்தவரும் ஐயரே. 1780இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்களுள் முதற்பெயர் குளோரிந்தாவினது. அவர் முயற்சியால் எழுந்த ஆலயம் 1785இல் பிரதிட்டை செய்யப்பட்டது. ஊரார் அதனைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே வழங்குகின்றனர். நெல்லைத் திருச்சபையின் பெருமரம் இவ்வாறு ஒரு படை முகாமின் ஓரத்தில் வேரூன்றிற்று.

இவ்வரலாற்றை 1915இல் ஆங்கிலத்தில் புதினமாக்கியவர் அ. மாதவையா. 'கிளாரிந்தா' என்னும் அந்நூல் பின்னர்த் தமிழிலும் பெயர்க்கப்பட்டது. மாதவையா சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றவர், கிறிஸ்தவராகாதவர். 'முத்துமீனாட்சி'யில் கைம்பெண்ணின் துயரைத் தமிழில் எழுதியவர். குளோரிந்தா உடன்கட்டையினின்று மீட்கப்பட்டார் என்னும் செவிவழிச் செய்தியை அவர் தம் கதையின் உயிர்நிலையாக்கினார். எரியும் சிதையினின்று ஆங்கிலப் படைத்தலைவன் அவளைக் காக்கின்றான், அன்பு மலர்கின்றது, ஞானமும் பிறக்கின்றது.

இப்புதினத்தின் நிறையும் குறையும் இக்காட்சியிலேயே அடங்கியுள்ளன. பளிங்கு மறைத்த படையைப் புதினம் நம் கண்முன் கொண்டுவருகின்றது. இது அதன் நிறை. ஒரு பெண்ணை, பிறர் இரக்கத்திற்குரிய பொருளாக மட்டும் காட்டாமல், எண்ணவும் முடிவு செய்யவும் வல்லவளாகக் காட்டுவதும் அதன் நிறையே. ஆனால் மீட்புக் காட்சியின் ஆற்றலால் படைக்கு ஒரு நியாயம் பிறந்துவிடுகின்றது. சிதையினின்று ஒருத்தியைக் காத்த கை, வயலினின்று எடுத்ததைப் பற்றி யார் கேட்பார்? மாதவையாவின் நோக்கம் கும்பெனியைப் புகழ்வதன்று. தம் இனத்தார் கைம்பெண்களுக்கு இழைத்த கொடுமையை அவர்கள் முகத்தெதிரே நிறுத்துவதே. அந்நோக்கத்தை நாம் மதிக்கின்றோம். இருப்பினும், தம் வீட்டாரைக் கண்டிக்க எழுந்த எழுத்தாளர் அந்நியனை அழகுபடுத்தவேண்டிய இக்கட்டிற்கு ஆளானார். வீட்டின் கொடுமையும் மெய். வந்தவனின் கொடுமையும் மெய். ஒன்று மற்றொன்றைக் கழுவாது.

திருமுழுக்கு மறுக்கப்பட்டதைப் பற்றியும் நாம் ஒரு சொல் கூறவேண்டும். நம் போதகர்களில் ஒரு சாரார் அதனை ஒழுங்கின் உறுதி எனப் பாராட்டுவர். மற்றொரு சாரார் கடின இருதயம் எனக் குறைகூறுவர். ஊதியம் தரும் கும்பெனியின் அதிகாரிக்கு அஞ்சி ஒழுங்கைத் தளர்த்தவில்லை என்னும் அளவில் ஐயர் பாராட்டுக்குரியவர். ஆனால் ஒழுங்கின் பாரம் யார் மேல் விழுந்தது? மணம் செய்யும் ஆற்றல் அதிகாரியின் கையில் இருந்தது. செய்யாத குற்றம் அவருடையது. அவர் திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவர். அவருக்குக் கதவு முன்னரே திறந்திருந்தது. அம்மையாருக்கோ தன் இனத்தாரிடம் திரும்ப வழியில்லை. அதிகாரியை விட்டு நீங்கினால் சோற்றுக்கும் வழியில்லை. கதவடைப்பு அவர் ஒருவருக்கே ஆயிற்று. கிணற்றண்டையில் ஆண்டவர் சமாரியப் பெண்ணிடம் அவளுடைய வாழ்க்கையை மறைக்காமல் பேசினார். ஆனால் உயிருள்ள தண்ணீரைக் குறித்த பேச்சை முதலில் தொடங்கிவிட்டார். அவள் ஊருக்குள் சென்று அறிவித்தபோது அவளுடைய குடும்ப நிலை இன்னும் சீர்செய்யப்படவில்லை. இவ்வரிசையை நாம் எண்ணிப் பார்ப்பது நலம்.

ஏழாயிரம் குடிகளுக்குப் பிணை நின்ற பெருந்தகை, இந்த ஒரு பெண்ணுக்குப் பிணை நிற்க ஏனோ காலம் தாழ்த்தார். பின்னர்ப் பாளையங்கோட்டைக்குத் தாமே சென்று திருமுழுக்கு அளித்ததில் அத்தாழ்வு ஓரளவு நிறைவு செய்யப்பட்டது என்று நாம் கொள்கின்றோம்.

4. இன்று இவ்வரலாற்றைச் சொல்லும் முறை

இது இருநூறு ஆண்டுப் பழங்கதை என்று எவரும் ஒதுக்கவேண்டா. 1987 முதல் 1990 வரை நம் நாட்டின் அமைதிப்படை இலங்கையில் தங்கிற்று. பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள தமிழர் தொடக்கத்தில் அதனை மாலையிட்டு வரவேற்றனர். சில திங்களுக்குள் உறவு முறிந்தது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனையில் மருத்துவரும் செவிலியரும் நோயாளிகளும் கொல்லப்பட்டனர். அப்படையிலும் தமிழ் பேசுவோர் இருந்தனர். அதிலும் உயிர்நீத்த வீரர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்களுக்கும் தாய்மார் உண்டு. ஆனால் இம்முறை வந்து தங்கிய அந்நியர் நாம். அந்நியனாக இருப்பதற்கு வேறு நிறம் தேவையில்லை. கையில் துப்பாக்கியும், கணக்குக் கேட்பாரில்லாத நிலையும் போதும். தஞ்சைக் குடியானவரின் பக்கத்திலிருந்து சுவார்ட்சு ஐயரின் கதையைப் படிக்கப் பழகாதவர், யாழ்ப்பாணத்துக் கதையைக் கேட்கும்போதும் படையின் பக்கத்திலிருந்தே கேட்பார்.

எனவே நம் போதகர்களுக்கும் மாணவர்களுக்கும் சிலவற்றைப் பரிந்துரைக்க விழைகின்றோம். நூற்றாண்டு விழாக்களிலும் ஆலயப் பிரதிட்டைத் திருநாட்களிலும் சுவார்ட்சு ஐயரைப் பற்றிப் பேசும்போது, மரணப் படுக்கைக் காட்சியோடு எண்பதாயிரம் கலம் நெல்லின் கதையையும் சொல்லுங்கள். அதைச் சொல்லும்போது, முன்பு கொடுக்கப்படாத கூலியையும் சேர்த்துச் சொல்லுங்கள். தஞ்சையில் நற்செய்தியைப் பரப்பியவர் மிஷனெரிகள் மட்டுமல்லர். ஐயர் இந்நாட்டிற்கு வருமுன்னரே தஞ்சை மன்னரின் படையில் வீரராயிருந்து பின்னர் உபதேசியாரான இராஜநாயக்கர் இங்கு உழைத்திருந்தார் என்பதை எடுத்துரையுங்கள். குளோரிந்தாவைப் பற்றிப் பேசும்போது, அவர் சிதையினின்று மீட்கப்பட்டதை மட்டும் சொல்லி நிறுத்தாமல், பதிவேட்டின் முதற்பெயராக நின்று சபையைக் கட்டியதைச் சொல்லுங்கள். மீட்கப்பட்டவர் என்பதைவிடக் கட்டியவர் என்பதே அவருக்குரிய பெயர்.

கப்பர்நகூமில் ஒரு நூற்றுக்கு அதிபதி இருந்தான். யூத மூப்பர் அவனுக்காகப் பரிந்து பேசினர். அவன் தங்கள் இனத்தாரை நேசித்துத் தொழுகைக்கூடம் கட்டினான் என்றனர். ஆண்டவர் அவனுடைய விசுவாசத்தை மெச்சினார். ஆனால் அவன் கட்டிய கூடத்தை மெச்சவில்லை. ரோமப் படை அங்கிருந்ததையும் மெச்சவில்லை. மனிதனைப் பாராட்டவும், அவன் அணிந்த சீருடையைப் பாராட்டாதிருக்கவும் அவர் அறிந்திருந்தார். அவ்வறிவே நமக்கும் வேண்டும்.

சிவகங்கைக் கோட்டையின் பளிங்குச் சிற்பத்தை எவரும் மாற்றிச் செதுக்கவேண்டியதில்லை. அது இருந்தபடியே இருக்கட்டும். அதன் முன் நிற்கும்போது, கல்லுக்கு வெளியே ஆயிரம் மாடுகளை ஓட்டிக்கொண்டு கோட்டை வாயிலில் வந்து நின்ற குடிகளையும், கதவு திறக்கக் காத்திருந்த ஒரு பெண்ணையும் நாம் மனத்தில் கொண்டால் போதும். மீண்டும் மாணவரை அங்கு அழைத்துச் செல்லும்போது, நாம் விளக்கத்தை அவர்களிடமிருந்தே தொடங்க எண்ணியுள்ளோம்.